பேர் தெரியாத ஜீன்களோட வேலையைக் கண்டுபிடிக்க எந்த வழியில போறது?

மண்ணு, கடல் தண்ணி, குடல், எங்க இருந்து சாம்பிள் எடுத்தாலும் சரி, அதுல இருக்கிற நுண்ணுயிர்களோட டிஎன்ஏவை மொத்தமா சீக்வென்ஸ் பண்ணி, அதாவது அதோட எழுத்து வரிசையைப் படிச்சு, ஒவ்வொரு ஜீனுக்கும் பேரும் வேலையும் எழுதின அனோட்டேஷன் ஃபைலைத் திறந்தா வரி வரியா ஒரே பேர்தான் வந்துகிட்டே இருக்கும், "ஹைப்போதெட்டிக்கல் ப்ரோட்டீன்". இங்க ஒரு ஜீன் இருக்குன்னு ப்ரோக்ராம் சொல்லுது, அது என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். மனுஷக் குடல் பேக்டீரியாவை எடுத்துக்கோங்க, உலகத்துலயே அதிகமா ஆராய்ச்சி நடந்த கூட்டம் அது, 2020ல அதுக்கு ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு, 2 லட்சத்துக்கும் மேல ஜீனோம், 4,644 இனங்கள், 17 கோடி ப்ரோட்டீன், அதுலயே 40 சதவீதத்துக்கு வேலை என்னன்னு தெரியல, இனங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல லேப்ல வளர்த்ததே கிடையாது. குடலுக்கே இந்த நிலைன்னா மண்ணுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இதுல நிறைய பேர் கேக்கிற கேள்வி ஒண்ணுதான். கைல சாம்பிள் இருக்கு, அளவான பணம் இருக்கு, ஒண்ணு ரெண்டு பேர் வேலை செய்ய இருக்காங்க, புது ஜீன் புது ஃபங்ஷன் கண்டுபிடிக்கணும், எந்த முறைல போறது? ஆறேழு வழி இருக்கு, ஒவ்வொண்ணையும் அதை பண்றவங்க இதுதான் பெஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கடைசில எந்த சோதனையை வெச்சு "ஆமா, இந்த ஜீன் இதைத்தான் செய்யுது"ன்னு சொல்லப் போறீங்களோ அதை முதல்ல முடிவு பண்ணுங்க, சீக்வென்சிங் எப்படி பண்றதுங்கிறது அதுக்கு அப்புறம் தானா முடிவாகும். இதைத் தலைகீழா பண்றதாலதான் எத்தனையோ ப்ராஜெக்ட் லட்சக்கணக்கான ஜீன் லிஸ்ட்டோட நின்னு போயிடுது.

16எஸ் முறையைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். செல்லுல ப்ரோட்டீன் செய்யுற இடமான ரைபோசோமோட 16எஸ் ஆர்என்ஏவுக்கான ஜீனை மட்டும் பெருக்கி சீக்வென்ஸ் பண்றது, 1977ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பேக்டீரியா மாதிரி தெரிஞ்சாலும் வேற கூட்டமான ஆர்க்கியாவைத் தனிப் பிரிவா காட்டுனது இந்த ரைபோசோம் ஆர்என்ஏவை வெச்சுத்தான், அதோட பெருமை பெருசு. மலிவு, வேகம், யார் யார் இருக்காங்கன்னு சொல்லும். ஆனா புது ஜீன் தேடுறவங்களுக்கு இதுல எதுவும் கிடைக்காது, ஏன்னா நீங்க பாக்கிறது ஒரே ஒரு ஜீன். அதை வெச்சு ஃபங்ஷனைக் கணிக்கிற பிக்ரஸ்ட் மாதிரி டூல் இருக்கு, அது பக்கத்து உறவு பேக்டீரியாவோட தெரிஞ்ச ஜீன்களை வெச்சுத்தான் கணிக்கும், தெரியாததை அது கண்டுபிடிக்க வழியே இல்ல. எந்த சாம்பிளை ஆழமா சீக்வென்ஸ் பண்ணலாம்னு தேர்ந்தெடுக்க மட்டும் இதை வெச்சுக்கோங்க.

அடுத்தது எல்லாரும் போற வழி, ஷாட்கன் மெட்டாஜீனோமிக்ஸ். சாம்பிள்ல இருக்கிற மொத்த டிஎன்ஏவையும் உடைச்சு சீக்வென்ஸ் பண்ணி திரும்பக் கோக்கிறது. 2004ல சர்காசோ கடல் தண்ணில இருந்து க்ரெய்க் வென்டர் குழு 12 லட்சம் புது ஜீன் எடுத்துக் காட்டுச்சு, 2015ல டாரா ஓஷன்ஸ்ங்கிற கடல் ஆய்வு 243 சாம்பிள்ல இருந்து 4 கோடி ஜீன் கொண்டு வந்துச்சு. எண்ணிக்கைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்ல. ஆனா இப்ப நிலைமை மாறிடுச்சு, எண்ணிக்கை நமக்குப் பத்தாத காலம் போயிடுச்சு. 2023ல வந்த ஒரு ஆய்வு 26,931 மெட்டாஜீனோமை எடுத்து, தெரிஞ்ச ஜீனோம் எதோடயும் ஒத்துப்போகாத 117 கோடி ப்ரோட்டீனைப் பிரிச்சு வெச்சு, அதுல 100 பேருக்கு மேல உறுப்பினர் இருக்கிற குடும்பம் மட்டும் 1,06,198னு காட்டிருக்கு. அதனால புதுசா சீக்வென்ஸ் பண்றதுக்கு முன்னாடி எம்க்னிஃபை, ஐஎம்ஜின்னு இருக்கிற பொது டேட்டாபேஸ்ல உங்க சூழல் மாதிரியே இருக்கிற டேட்டா ஏற்கனவே கிடக்குதான்னு பாத்துடுங்க, பல நேரம் கிடக்கும், அதுலயே பாதி வேலை முடிஞ்சிடும்.

சீக்வென்ஸ் பண்ணியே ஆகணும்னா ஷார்ட் ரீடா லாங் ரீடான்னு ஒரு முடிவு எடுக்கணும். இல்லுமினா மாதிரி ஷார்ட் ரீடுல ஒரு துண்டு 150 பேஸ்தான் (பேஸ்னா டிஎன்ஏவோட ஒரு எழுத்து), பேக்டீரியா ஜீன் ஒண்ணு சராசரியா ஆயிரம் பேஸ் கிட்ட வரும், அதனால ஒரு முழு ஜீனைப் பாக்கவே பல துண்டைக் கோக்கணும், மண்ணு மாதிரி நெருங்கின உறவு இனங்கள் நிறைய கலந்து கிடக்கிற சாம்பிள்ல இது அடிக்கடி நடுவுலயே அறுந்துடும். பேக்பயோ ஹைஃபை ரீடு பத்துப் பதினஞ்சு ஆயிரம் பேஸ் நீளத்துக்குத் துல்லியமா வரும், ஒரே ரீடுலயே பத்து ஜீன் வரிசையா இருக்கும். தெரியாத ஜீன் தேடுறவங்களுக்கு லாங் ரீடுதான் சரின்னு நான் சொல்லுவேன், அதே பணத்துக்கு சாம்பிள் எண்ணிக்கை குறைஞ்சாலும் பரவால்ல, ஏன்னா ஒரு தெரியாத ஜீனைப் பத்தி நமக்குக் கிடைக்கிற முதல் துப்பே அது யாரோட பக்கத்துல உக்காந்திருக்குங்கிறதுதான், அந்த அக்கம்பக்கம் அறுந்து போச்சுன்னா கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிதான்.

ஜீன்களை ஜீனோமா பிரிச்சு அடுக்குற பின்னிங் வேலையையும் விட்டுடாதீங்க. 2015ல வந்த ஒரு கண்டுபிடிப்பு இதுக்கு நல்ல சாட்சி. அமோனியாவை நைட்ரைட் ஆக்குறது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குறது வேற கூட்டம்னு நூறு வருஷத்துக்கு மேல நம்பிட்டு இருந்தாங்க. நைட்ரோஸ்பைரா ரெண்டாவது வேலையை மட்டும் பண்ற பேக்டீரியான்னு எழுதி வெச்சிருந்தாங்க. ரெண்டு குழு தனித்தனியா, வேண்டிய கூட்டம் மட்டும் பெருகுற மாதிரி வளர்த்த என்ரிச்மெண்ட் கல்ச்சர்ல இருந்து ஜீனோமை அடுக்கிப் பாத்தப்ப, ஒரே நைட்ரோஸ்பைரா ஜீனோமுக்குள்ள ரெண்டு வேலைக்கான ஜீனும் இருந்துச்சு, அப்புறம் அமோனியாவைக் கொடுத்து நைட்ரேட் வருதான்னு அளந்து உறுதியும் பண்ணாங்க. இதுல இன்னொரு பாடமும் இருக்கு, அந்த மாதிரி அமோனியா ஜீன்கள் டேட்டாபேஸ்ல முன்னாடியே இருந்துச்சு, மீத்தேன் ஆக்சிடைஸ் பண்ற என்சைம்னு வேற பேர்ல. அதாவது "தெரியாதது"ன்னு எழுதினதை மட்டும் சந்தேகப்பட்டா பத்தாது, "தெரிஞ்சது"ன்னு எழுதினதையும் கொஞ்சம் சந்தேகப்படணும், ஒருத்தர் தப்பா வெச்ச பேரை அடுத்த ஆயிரம் ஜீனோமுக்கு ப்ரோக்ராம் அப்படியே காப்பி பண்ணிடும்.

சின்ன ப்ரோட்டீன்களைப் பத்தி ஒரு வரி. ஜீன் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம்கள் ரொம்பக் குட்டியா இருக்கிறதைத் தவறான சிக்னல்னு தள்ளிடும். 2019ல 1,773 மனுஷ மெட்டாஜீனோமை வெச்சு 50 அமினோ அமிலத்துக்குள்ள இருக்கிற ப்ரோட்டீன்களை மட்டும் தேடுனவங்களுக்கு 4,000க்கும் மேல குடும்பம் கிடைச்சுச்சு, பெரும்பாலானதுக்குத் தெரிஞ்ச டொமைனே இல்ல, அதாவது வேற ப்ரோட்டீன்ல பாத்துப் பழகின பகுதி எதுவும் இல்ல. உங்க ஆர்வம் அந்தப் பக்கம்னா வழக்கமான பைப்லைன் செட்டிங்கை அப்படியே ஓட்டாதீங்க.

இப்ப மெட்டாட்ரான்ஸ்கிரிப்டோமிக்ஸ், அதாவது டிஎன்ஏக்குப் பதில் ஆர்என்ஏவைப் பாக்கிறது, எந்த ஜீன் இப்ப ஓடுதுன்னு தெரியும். கேக்க நல்லா இருக்கும், ஆனா பேக்டீரியா எம்ஆர்என்ஏ பல நேரம் சில நிமிஷத்துலயே பாதி அழிஞ்சிடும், சாம்பிள் எடுத்து லேப் வந்து சேர்றதுக்குள்ள அது காட்டுற கதை மாறிடும், எடுத்த இடத்துலயே உறைய வைக்கணும். மொத்த ஆர்என்ஏல பெரும் பங்கு ரைபோசோம் ஆர்என்ஏதான், அதை நீக்காம சீக்வென்ஸ் பண்ணா பணம் அதுக்கே போயிடும். இதெல்லாம் சமாளிச்சாலும் "இந்தத் தெரியாத ஜீன் நிறைய ஓடுது"ன்னு மட்டும் தெரிஞ்சு என்ன பண்றது? ஒரு மாற்றத்தோட ஜோடி சேத்தாதான் இதுக்கு மதிப்பு. கூட்டத்துக்கு ஒரு சர்க்கரையையோ ஒரு மாசுப் பொருளையோ கொடுக்கிறதுக்கு முன்னாடி, கொடுத்த பிறகு, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுன்னு சாம்பிள் எடுத்து, ஒவ்வொண்ணையும் சில தடவை திரும்பச் செஞ்சு (ரெப்ளிக்கேட்), தெரிஞ்ச ஜீன்களோட சேர்ந்து எந்தத் தெரியாத ஜீன் ஏறுது இறங்குதுன்னு பாத்தா நல்ல துப்பு கிடைக்கும். மெட்டாப்ரோட்டியோமிக்ஸும், அதாவது ப்ரோட்டீன்களையே அளக்கிறதும், கிட்டத்தட்ட இதே கதைதான், அதே சாம்பிளோட மெட்டாஜீனோம் கைல இல்லாம அதை ஆரம்பிக்கவே வேணாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி அடுத்தது, ஃபங்ஷனல் மெட்டாஜீனோமிக்ஸ். 1998ல ஜோ ஹேண்டல்ஸ்மன் குழு மெட்டாஜீனோம்ங்கிற பேரைக் கொண்டு வந்ததே மண்ணு பேக்டீரியாவை வளர்க்காம அதோட டிஎன்ஏவை மட்டும் வேற பேக்டீரியாக்குள்ள போட்டுப் பாக்கலாம்ங்கிற இந்த யோசனைலதான். சாம்பிள் டிஎன்ஏவைத் துண்டாக்கி, பிளாஸ்மிட்ங்கிற குட்டி வட்ட டிஎன்ஏல சின்னத் துண்டாவோ, பெரிய துண்டைத் தாங்குற ஃபாஸ்மிட்ல 40 ஆயிரம் பேஸ் துண்டாவோ ஏத்தி, லேப்ல வழக்கமா வளர்க்கிற ஈ கோலை பேக்டீரியாக்குள்ள விட்டு, அந்த ஈ கோலை புதுசா எதையாவது செய்யுதான்னு பாக்கிறது. சீக்வென்ஸைப் பத்தி முன்கூட்டி எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதே இல்ல, அதுதான் இதோட பலம். டேட்டாபேஸ்ல எதோடயும் ஒத்துப்போகாத ஜீன்கூட வேலையைக் காட்டி மாட்டிக்கும். 2009ல மனுஷ உடம்புல வாழ்ற பேக்டீரியாவோட டிஎன்ஏவை இப்படிப் போட்டு ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஜீன்களைத் தேடுனப்ப, வளர்க்காம நேரா எடுத்த டிஎன்ஏல இருந்து வந்ததுல பெரும்பாலானது தெரிஞ்ச எதிர்ப்பு ஜீன்கள்ல இருந்து ரொம்பத் தள்ளி இருந்துச்சு, சீக்வென்ஸை மட்டும் தேடியிருந்தா அதெல்லாம் தப்பிச்சிருக்கும்.

செய்யறப்ப என்ன நடக்கும்னு கிட்டப் போய்ப் பாப்போம். ஆன்டிபயாட்டிக் கலந்த பிளேட்ல லட்சக்கணக்கான க்ளோனை, அதாவது ஒவ்வொரு துண்டை ஏத்தின ஈ கோலையை, பரப்புறீங்க, மறுநாள் காலைல ஒரு பத்து இருபது காலனி மட்டும் எழும்பி நிக்குது. உடனே சந்தோஷப்பட முடியாது, அதுல சிலது ஈ கோலையோட சொந்த மியூட்டேஷனால தப்பிச்சதா இருக்கும். அதனால ஒவ்வொரு காலனில இருந்தும் பிளாஸ்மிட்டை எடுத்து, புது ஈ கோலைக்குள்ள ஏத்தி, திரும்ப அதே பிளேட்ல போடணும். பிளாஸ்மிட் போற இடத்துக்கெல்லாம் எதிர்ப்பும் கூடவே போச்சுன்னா வேலை அந்தத் துண்டுல இருக்குன்னு அர்த்தம். அப்புறம் துண்டுல நாலஞ்சு ஜீன் இருந்தா ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்து எதை உடைச்சா எதிர்ப்பு போகுதுன்னு கண்டுபிடிக்கணும். இவ்வளவு தெளிவான சான்று வேற எந்த வழிலயும் இவ்வளவு சீக்கிரம் வராது.

பலவீனமும் பெருசு. வெளி ஜீன் ஈ கோலைக்குள்ள ஓடணும், ஜீனை ஓட ஆரம்பிக்க வைக்கிற ப்ரொமோட்டர் பகுதியை அது அடையாளம் காணணும், ப்ரோட்டீன் சரியா மடியணும். 32 ஜீனோமை வெச்சு 2004ல பண்ண ஒரு கணிப்பு, சுமார் 40 சதவீத ஜீன்தான் இதுல சுலபமா ஓடும்னு சொல்லுச்சு, அதுவும் எந்த இனத்துல இருந்து வருதுங்கிறதைப் பொறுத்து ரொம்ப மாறும். அதனால இதுல எதுவும் கிடைக்கலன்னா சாம்பிள்ல அந்த ஃபங்ஷன் இல்லன்னு சொல்லவே முடியாது. இன்னொண்ணு, தேடுற வேலை உயிர் பிழைக்கிறதோட சம்பந்தப்பட்டதா இருந்தா லட்சம் க்ளோனும் ஒரே பிளேட்ல முடியும், நிறம் மாறுது வட்டம் விழுதுன்னு ஒவ்வொண்ணா பாக்கணும்னா ஆள் பலமோ ரோபோவோ வேணும்.

கம்ப்யூட்டர் வழி இப்ப ரொம்ப வலுவாயிடுச்சு, அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். பேக்டீரியால ஒரே வேலைக்கான ஜீன்கள் பல நேரம் பக்கத்துப் பக்கத்துல வரிசையா இருக்கும், ஒரே திசைல, நடுவுல சில பேஸ் இடைவெளிதான். அப்ப ஒரு தெரியாத ஜீனுக்கு ஒரு பக்கம் சர்க்கரை ட்ரான்ஸ்போர்ட்டர், இன்னொரு பக்கம் சர்க்கரைச் சங்கிலியை வெட்டுற என்சைம், ஓரத்துல ஒரு ரெகுலேட்டர், இதே அமைப்பு உறவே இல்லாத பல இனங்கள்லயும் திரும்பத் திரும்ப வருதுன்னா, அந்த ஜீன் அந்தச் சர்க்கரை வேலைல ஏதோ பண்ணுதுன்னு தைரியமா ஊகிக்கலாம். இதோட உச்சம்னு நான் நினைக்கிறது 2018ல ரோட்டம் சோரெக் குழு பண்ணது. வைரஸ் எதிர்ப்பு ஜீன்கள் ஜீனோம்ல ஒரே இடத்துல கூட்டமா இருக்கும்னு முன்னாடியே தெரியும், அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்துலயே அடிக்கடி வர்ற தெரியாத ஜீன்களைக் கணக்குப் போட்டுத் தேடி எடுத்து, அந்தத் தொகுதியை அப்படியே செஞ்சு ஈ கோலைலயும் பேசில்லஸ் சப்டிலிஸ்லயும் ஏத்தி, பேக்டீரியாவைத் தாக்குற வைரஸான ஃபேஜை விட்டுப் பாத்தாங்க. ஒன்பது புது ஃபேஜ் எதிர்ப்பு முறையும் பிளாஸ்மிட்டை எதிர்க்கிற ஒண்ணும் கிடைச்சுச்சு. ஊகத்தோட நிக்காம ஃபேஜை ஊத்திப் பாத்தாங்க பாருங்க, அதுதான் அந்த வேலையை வேற உயரத்துக்குக் கொண்டு போச்சு.

அடுத்தது வடிவம். ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு சீக்வென்ஸ் ஒத்துப்போகாத ப்ரோட்டீனுக்கும் முப்பரிமாண வடிவத்தைக் கணிச்சு, ஃபோல்ட்சீக் மாதிரி டூல்ல போட்டு வடிவத்துல ஒத்துப்போற சொந்தத்தைத் தேடலாம், ஏன்னா சீக்வென்ஸ் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறின பிறகும் மடிப்பு பெரும்பாலும் அப்படியே நிக்கும். மெட்டாஜீனோம் ப்ரோட்டீன்களுக்கே தனியா 2022ல 61 கோடிக்கும் மேல வடிவம் கணிச்சு வெளியிட்டாங்க, அதுல அதிக நம்பகத்தோட வந்தது மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான். ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை. ஒரே மடிப்புன்னா ஒரே வேலைன்னு கிடையாது, டிம் பேரல்ங்கிற ஒரே மடிப்புல எத்தனையோ விதமான என்சைம் இருக்கு, என்சைமோட வேலை நடக்கிற இடமான ஆக்டிவ் சைட்ல இருக்க வேண்டிய அமினோ அமிலம் இருக்கான்னு கண்ணால பாக்கணும். ரெண்டாவது, உறவே இல்லாத தனி ப்ரோட்டீனுக்குக் கணிப்பு மோசமா வரும், அது மாதிரி குறைஞ்ச ஸ்கோர் வந்ததை வெச்சுக் கதை கட்டாதீங்க.

கடைசி வழி வளர்த்துப் பாக்கிறது, பழைய வழிதான், ஆனா இன்னைக்கும் இதுக்கு ஈடு கிடையாது. மைக்ரோஸ்கோப்ல தெரியிற செல்லுல ரொம்பச் சின்ன பங்குதான் பிளேட்ல வளரும்ங்கிறது உண்மை, ஆனா வளரவே வளராதுன்னு சொன்ன பல இனம் பொறுமைக்குப் பணிஞ்சிருக்கு. கடல்ல எங்கயும் நிறைஞ்சிருக்கிற எஸ்ஏஆர் 11ங்கிற பேக்டீரியாவை 2002ல தண்ணியை நீர்த்து நீர்த்துப் பிரிச்சு வளர்த்தாங்க. ஜப்பான் குழு ஒண்ணு ஆழ்கடல் சேறுல இருந்து அஸ்கார்ட் ஆர்க்கியாவை வளர்த்து 2020ல வெளியிட்டப்ப அதுக்கு 12 வருஷம் ஆயிருந்துச்சு, அது ஒரு தடவை இரட்டிக்கவே ரெண்டு மூணு வாரம் எடுக்கும்.

வளர்ந்துட்டா ஒரு பெரிய கதவு திறக்கும், பார்கோட் வெச்ச ட்ரான்ஸ்போசான் மியூட்டண்ட் முறை. ட்ரான்ஸ்போசான்னா ஜீனோமுக்குள்ள எங்கயாவது போய்ச் செருகிக்கிற டிஎன்ஏ துண்டு. ஒவ்வொரு செல்லுலயும் ஒரு ஜீனை உடைச்சு அந்த இடத்துல 20 பேஸ் பார்கோடைச் செருகி, பல்லாயிரம் மியூட்டண்டை ஒண்ணாக் கலந்து ஒரு கண்டிஷன்ல வளர்த்து, எந்த பார்கோட் குறைஞ்சதுன்னு எண்ணினா எந்த ஜீன் அங்க தேவைன்னு தெரிஞ்சிடும். 2018ல 32 பேக்டீரியால பல கண்டிஷன்ல இதைப் பண்ணி, குறிப்பான வேலை எழுதப்படாத 11,779 ஜீனுக்கு ஏதாவது ஒரு விளைவு இருக்குன்னு காட்டுனாங்க. குறையும் இருக்கு, உயிருக்கே அவசியமான ஜீனை உடைச்சா அந்த செல்லே இருக்காது, ஒரே வேலைக்கு ரெண்டு ஜீன் இருந்தா ஒண்ணை உடைச்சா ஒண்ணும் தெரியாது, நீங்க சோதிக்காத கண்டிஷன்ல மட்டும் தேவைப்படுற ஜீன் சும்மா இருக்கிற மாதிரியே தெரியும். 2016ல செயற்கையா குறைச்சு உருவாக்குன ஜேசிவிஐ சின் 3.0 செல்லுல 473 ஜீன்தான், அதுல 149க்கு வேலை தெரியல, உயிருக்கு வேணும்னு உறுதியா தெரிஞ்சும் என்ன பண்ணுதுன்னு தெரியாம இருந்துச்சு. அதனால "தேவை"ங்கிறதும் "வேலை"ங்கிறதும் ஒண்ணு இல்லங்கிறதை மனசுல வெச்சுக்கணும்.

சரி, யாருக்கு எது? தேடுற வேலை உயிர் பிழைக்கிறதோட சம்பந்தப்பட்டதுன்னா, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு, உலோக எதிர்ப்பு, ஒரு சாப்பாட்டை மட்டும் வெச்சு வளர்றது மாதிரி, ஈ கோலைல துண்டை ஏத்திப் பாக்கிற ஃபங்ஷனல் லைப்ரரிக்கு நேரா போங்க, ஜெயிச்ச துண்டுகளை மட்டும் லாங் ரீடுல படிங்க, மொத்த மெட்டாஜீனோமை அப்புறம் பாத்துக்கலாம். தேடுறது ஈ கோலையால ஓட்டவே முடியாத வேலைன்னா, உதாரணமா ஆக்சிஜன் இல்லாம ஒரு மாசுப் பொருளை உடைக்கிறது, அப்ப சாதாரண கார்பனை விடக் கனமான கார்பன் 13 ஏத்துன அந்த மாசுப் பொருளைக் கூட்டத்துக்குக் கொடுத்து, அதைச் சாப்பிட்டதால கனமான டிஎன்ஏவை சென்ட்ரிஃபியூஜ்ல பிரிச்சு அதை மட்டும் சீக்வென்ஸ் பண்ணுங்க, கோடிக்கணக்கான ஜீன்ல இருந்து தேடுறது சில ஜீனோமுக்குள்ள சுருங்கிடும். சாம்பிள்ல முக்கியமான இனம் வளருது, இல்ல அதோட நெருங்கின உறவு ஏற்கனவே வளர்ந்திருக்குன்னா மியூட்டண்ட் லைப்ரரிக்கு உழைக்கிறதுதான் லாபம், ஒரு தடவை செஞ்சு வெச்சா பல வருஷம் பல கேள்விக்கு அதையே பயன்படுத்தலாம். லேப்பே இல்ல, கம்ப்யூட்டர் மட்டும்தான்னா பொது டேட்டாவுல அக்கம்பக்கம் பாத்து வடிவம் பாத்து பத்து இருபது ஜீனுக்கு மேல போகாத ஒரு குட்டி லிஸ்ட் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எந்த சோதனை பண்ணா உங்க ஊகம் தப்புன்னு தெரியும்னு சேர்த்து எழுதி, சோதனை பண்ணக்கூடிய லேப்கிட்ட கொண்டு போங்க.

ரெண்டையும் சேத்துப் பண்ண முடிஞ்சா அதுதான் உத்தமம். 2000ல மான்டெரே வளைகுடா தண்ணில இருந்து எடுத்த ஒரு பெரிய டிஎன்ஏ துண்டுல, அப்ப வரைக்கும் யாரும் வளர்க்காத எஸ்ஏஆர் 86 பேக்டீரியாவோட 16எஸ் ஜீனும், வெளிச்சத்தைப் பிடிக்கிற ரோடாப்சின் ப்ரோட்டீன் மாதிரி ஒண்ணுக்கான ஜீனும் ஒண்ணா இருந்துச்சு. எட் டிலாங் குழு அந்த ஜீனை ஈ கோலைல ஏத்தி, வெளிச்சத்தைப் பிடிக்க அதுக்கு வேண்டிய ரெட்டினால்ங்கிற பொருளைக் கொடுத்து, வெளிச்சம் காட்டுனாங்க, செல் ப்ரோட்டானை வெளிய தள்ளுச்சு. கடல் பேக்டீரியா வெளிச்சத்துல இருந்து சக்தி எடுக்க இப்படியும் ஒரு வழி இருக்குன்னு ஒரே ஒரு துண்டுல இருந்து தெரிஞ்சுச்சு. நாலு வருஷம் கழிச்சு சர்காசோ டேட்டாவுல அதே மாதிரி 782 ஜீன் இருக்குன்னு எண்ண முடிஞ்சதே அந்த முதல் சோதனை இருந்ததாலதான், இல்லன்னா அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது.

பணத்தைப் பிரிக்கிறப்ப பாதியையாவது சோதனைக்குன்னு தனியா ஒதுக்கிடுங்க, சீக்வென்சிங் முடிஞ்ச பிறகு மிச்சம் இருந்தா பாக்கலாம்னு வெச்சா மிச்சமே இருக்காது. சாம்பிளோட கூடவே வெறும் எக்ஸ்ட்ராக்ஷன் கிட்டை மட்டும் ஓட்டுன ஒரு ப்ளாங்கையும் சீக்வென்ஸ் பண்ணுங்க, கிட்டுல இருந்தே வர்ற பேக்டீரியா டிஎன்ஏ புது இனம் மாதிரி வேஷம் போடும். லைப்ரரியோ மியூட்டண்ட் கலவையோ எது செஞ்சாலும் கிளிசரால் சேத்து மைனஸ் 80ல பல குட்டி ட்யூபா பிரிச்சு வைங்க, ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப உருக்கி வளர்த்துட்டே இருந்தா மெதுவா வளர்ற க்ளோன் எல்லாம் அடிபட்டுப் போயிடும், அடுத்த கண்டிஷனைச் சோதிக்கிறப்ப நீங்க தேடுற ஜீனே அதுல இருக்காது.